குறிப்புக் கட்டம்

லோரெய்ன் டெய்ட்டுக்கு அறுபத்தொரு வயது. மரூன்பா வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளப்பது அவள் வேலை. திங்கள் முதல் வியாழன் வரை நாற்பத்திரண்டு போர்கள், அதாவது ஆழ்துளைக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் இரும்பு மூடியின் பூட்டைத் திறந்து, அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயில் அளவு நாடாவை இறக்குவாள். நாடாவின் நுனியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு பித்தளைக் குண்டு. அது தண்ணீரைத் தொட்டதும் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் வரும். குழாயின் விளிம்பில் விரலை வைத்து நாடாவைப் பிடித்து, எண்ணைப் படித்துத் தாளில் எழுதுவாள். இரண்டு முறை அளப்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கோதுமைக் கிடங்கில் லாரி எடை போடும் வேலையில் இருபது வருடம் இருந்தாள். ஐம்பது வயது தாண்டி, தபால் வழியில் ஒன்பது மாதம் படித்து, நிலத்தடி நீர் அளவைக்கான சான்றிதழ் வாங்கினாள். ஊரில் கேட்டவர்களிடம், வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றாள். அது பொய். ஒரே ஓர் ஆளுக்காகத்தான் படித்தாள். அவன் பெயர் டாக்டர் நைஜல் ஃபென்டன்.

எரிவாயுக் கம்பெனி வந்த காலத்தில் அவளுடைய கணவன் டெஸ் தன் போரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அளந்துவந்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பதினெட்டு வருடக் கணக்கு, ஏழு நோட்டுகளில். கம்பெனி பூமிக்குள்ளிருந்து வாயுவை எடுக்க முதலில் தண்ணீரை இறைக்கும். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள போர்களில் மட்டம் இறங்கும். இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கினால் கம்பெனி புதிய போர் போட்டுத்தர வேண்டும் என்பது சட்டம். தன் போரில் அதற்கு மேலேயே இறங்கிவிட்டது என்று டெஸ் மனு கொடுத்தான். விசாரணை ஊர் ஹாலில் நடந்தது. கம்பெனி சார்பில் பேச, நிலத்தடி நீர் நிபுணனாக ஃபென்டன் வந்திருந்தான்.

ஃபென்டன் நோட்டுகளை மரியாதையாகத்தான் புரட்டினான். பிறகு ஒரு பக்கத்தில் நிறுத்தினான். ஆகஸ்டில் ஒரு வாரத்தில் தண்ணீர் நாற்பத்தொரு சென்டிமீட்டர் ஏறியிருப்பதாக எழுதியிருக்கிறதே, அந்த மாதம் ஒரு சொட்டு மழைகூட இல்லையே என்று கேட்டான். டெஸ் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தான்.

“மிஸ்டர் டெய்ட், நீங்க பக்கெட்ல மொண்டு ஊத்துனீங்களா?” என்றான் ஃபென்டன்.

ஹால் சிரித்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள், டெஸ்ஸோடு சேர்ந்து வேலி போட்டவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பக்கத்தை நம்ப முடியாதென்றால் மற்றப் பக்கங்களையும் நம்ப முடியாது என்று நோட்டுகள் ஒதுக்கப்பட்டன. மனு தள்ளுபடியானது.

திரும்பும் வழியில், ஓடைப் பாலத்தருகே டெஸ் வண்டியை நிறுத்தினான்.

“கொழாய அறுத்தேன் லோரெய்ன். அந்தக் காளை ஒரசி ஒரசி வளச்சிருச்சே, அந்த வாரம். ரம்பம் போட்டு அறுத்தேன். நாப்பத்தொரு சென்டி இருக்கும்.”

குழாயின் விளிம்பிலிருந்துதான் அளவு. விளிம்பு கீழே வந்தால், தண்ணீர் மேலே வந்தது போல எண் காட்டும். அறுத்ததை அவன் நோட்டில் எழுதவில்லை. தன் போர், தன் ரம்பம், தனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டான். மறந்தும் போனான்.

வண்டியைத் திருப்பு, போய்ச் சொல்லலாம் என்றாள் லோரெய்ன்.

“இப்பப் போயிச் சொன்னா, வழியில உக்காந்து யோசிச்சான்னு சொல்லுவாங்க,” என்றான் டெஸ்.

அதற்குப் பிறகு அவன் அளக்கவில்லை. நோட்டுகள் கோழிக் கொட்டகைக்குப் போயின. ஊரில் அவனுக்குப் ‘பக்கெட் டெஸ்’ என்று பெயர் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதுக்கடையில் அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலிமேல் யாரோ ஒரு பக்கெட்டை வைத்திருந்தார்கள். அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நின்றபடியே குடித்துவிட்டு வந்தான். மறுவாரம் போகவில்லை. பிறகு ஊருக்குள்ளேயே போகவில்லை. மூன்றாவது வருடம் வேலியோரத்தில் விழுந்து செத்தான். மருத்துவர் ரத்த அழுத்தம் என்றார். லோரெய்ன் அதை மறுத்துப் பேசவில்லை. அவள் கணக்கு வேறு.

கம்பெனிக்காக நீர்மட்டத்தைக் கணக்கெடுக்கும் ஃபென்டனின் நிறுவனம் உள்ளூரில் அளவையாளர்கள் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்தபோது அவள் சான்றிதழோடு போனாள். ஃபென்டனே நேர்முகம் எடுத்தான். பெயரைப் பார்த்தான்.

“டெய்ட். இந்தப் பக்கம் நெறைய டெய்ட் இருக்காங்களோ?”

“நெறைய,” என்றாள் லோரெய்ன்.

என்ன செய்யப்போகிறாள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. தவறாமல் வேலை செய்தாள். வெயில் நாற்பத்து மூன்று டிகிரி அடித்தாலும் மூடியைத் திறந்தாள். மற்ற அளவையாளர்கள் ஒரு முறை அளந்துவிட்டு இரண்டாவது எண்ணைக் கற்பனையில் எழுதினார்கள். அவள் எழுதவில்லை.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம், அலுவலகத்தில் பழைய ஆய்வுத் தாள்களைக் கணினியில் ஏற்ற ஆள் வேண்டுமென்றார்கள். மழைக்காலம், சாலை மூடியிருந்தது. அவளை உட்காரவைத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு கோப்பில் டெஸ்ஸின் போர் இருந்தது. புகைப்படத்தில் இரும்புக் குழாயின் தலை, ரம்பம் பட்ட இடத்தில் துருவில்லாமல் பளபளத்தது. பக்கத்தில் அளவுகோல், ஒரு பூட்ஸின் நுனி. தாளில் ஃபென்டனின் கையெழுத்தில் ஒரு வரி: ‘கேசிங் குழாய் அறுக்கப்பட்டுள்ளது. பக்கத்தில் கிடக்கும் துண்டு 0.41 மீ.’ தேதி, விசாரணைக்கு ஒன்பது நாள் முன்பு.

பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டேதான் பக்கெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறான்.

லோரெய்ன் அந்தத் தாளை ஏற்றினாள். தனக்கு ஒரு பிரதி எடுத்தாள். அசலை இருந்த இடத்தில் வைத்தாள். அதுவரை அவளிடம் இருந்தது கோபம். அன்றிலிருந்து அது ஒரு வேலையாக மாறியது.

பிரதியைப் பத்திரிகைக்கு அனுப்பலாம். மறந்துவிட்டேன் என்பான், எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தாள் என்பான். அது போதாது. அவன் கையெழுத்துப் போட்டு, அதே ஊர் ஹாலில் நின்று, தானே சொன்ன எண் தன்னைக் கவிழ்க்க வேண்டும். எண்ணைக் கையாள்கிறவன் என்றைக்காவது தவறுவான் என்று அவளுக்குத் தெரியும். டெஸ்ஸே தவறினானே.

களத் தாளில் ஏழு கட்டங்கள். கடைசிக் கட்டம் குறிப்பு. மற்றவர்கள் அதில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். லோரெய்ன் எல்லாவற்றையும் எழுதினாள். மூடியில் குளவிக் கூடு, பூட்டு மாற்றப்பட்டது, மாடு இடித்ததில் குழாய் ஒரு விரல் சாய்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் அலுவலகத்தில் அதைப் படித்துச் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது, படிப்பதும் நின்றுவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வாரம் இப்படி எழுதினாள்: ‘மூடிக்குள் தவளை. பெயர் கேட்டேன், சொல்லவில்லை.’ யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் தவளையின் மாமியாரைப் பற்றி எழுதினாள். அதற்கும் ஒன்றுமில்லை. எண்கள் மட்டும் கணினிக்குப் போயின.

டெஸ் போன எட்டாம் வருடம், ஜனவரியில், கடல்மட்டத்திலிருந்து எல்லாப் போர்களின் உயரத்தையும் மறுபடி அளக்க ஏற்பாடு செய்தார்கள். கடற்கரை நகரத்திலிருந்து ஒரு சர்வேயர் வந்தான். அவசரக்காரன். லோரெய்ன்தான் வண்டியில் கூடப் போய்ப் பூட்டுகளைத் திறந்துவிட்டாள். அவன் செயற்கைக்கோள் கருவியின் கம்பை உள்குழாயில் வைக்கவில்லை. வெளியே இருக்கும் இரும்பு மூடியின் தலையில் வைத்தான். உள்ளே வைக்க வேண்டாமா என்று அவள் ஒரு முறை கேட்டாள். மேலே வைத்தால்தான் நன்றாக எடுக்கும், வித்தியாசத்தை அலுவலகத்தில் கழித்துக்கொள்வார்கள் என்றான். தாளில் ‘மேல்விளிம்பு’ என்று மட்டும் எழுதினான்.

அலுவலகத்தில் யாரும் கழிக்கவில்லை.

பிப்ரவரியில் முதல் மாதக் கணக்கு வந்தபோது அவள் பார்த்தாள். உயரத்தில் ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம்; ஆனால் உயரம் வெளிமூடிக்கு, ஆழம் உள்குழாயிலிருந்து. ஒவ்வொரு போரிலும் தண்ணீர் அரை மீட்டருக்கு மேல் ஏறியிருந்தது, காகிதத்தில். ஓடைக்கு அந்தப்புறம் க்ளெனிஸ் வென்னிங்கின் வேலியோரம் இருக்கும் பதினேழாம் நம்பரில் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். உண்மையில் அங்கே தண்ணீர் இறங்கியிருந்தது இரண்டு மீட்டர் இருபத்தொன்பது. கணக்கில் ஒன்று எழுபத்தொன்று. எல்லைக்குள்.

அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. பிப்ரவரி பதினொன்றாம் தேதித் தாளில், குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: ‘அளவு உள்குழாய் விளிம்பிலிருந்து. சர்வே உயரம் வெளிமூடிக்கு. வித்தியாசம் 0.58 மீ.’ மார்ச்சிலும் எழுதினாள். ஏப்ரலிலும் எழுதினாள். தன் கடமை முடிந்தது என்று யாரும் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவான கையெழுத்தில்.

ஃபென்டன் அந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தான். ஜனவரி மழை. நிலத்தடி நீர் மீண்டுவருகிறது என்று உள்ளூர் வானொலியில் பேசினான். மேல்நோக்கிப் போகும் கோட்டைப் பெரிய தாளில் அச்சடித்து ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். லோரெய்ன் அதன் முன் நின்று நிதானமாகப் படித்தாள். மழை நீர் அந்த ஆழத்துப் பாறைக்குப் போய்ச்சேரப் பல நூறு வருடம் ஆகும் என்று அவள் படித்த பாடநூலில் இருந்தது. அதை எழுதியவர்களில் ஃபென்டனும் ஒருவன்.

ஆண்டறிக்கை அக்டோபரில். அவன் கையெழுத்திட்டு, ஊர் ஹாலில், அரசு அதிகாரி முன்னிலையில் வைக்க வேண்டும். இப்போது சொன்னால் ஒரு கடிதம், ஒரு திருத்தம், சர்வேயர்மேல் பழி. ஃபென்டன் நன்றி சொல்வான். அந்த நன்றி அவளுக்கு வேண்டாம்.

க்ளெனிஸ் அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். புருஷன் சுரங்க வேலைக்கு மேற்கே போய் அங்கேயே இருந்துவிட்டான். க்ளெனிஸ் தனியாக நூற்று முப்பது தாய்ப் பசுக்களை வைத்திருந்தாள். இருபத்தைந்து வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சம். ஒரு பசுவின் காதில் மாட்டிய வில்லையின் எண்ணைச் சொன்னால் அதன் பாட்டியின் குணத்தைச் சொல்வாள். டெஸ்ஸின் நாற்காலியில் பக்கெட் வைத்தவன் யார் என்று தெரிந்துகொண்டு, அவன் வண்டியின் இருக்கை நிறையச் சாணியைக் கொட்டிவிட்டு வந்தவள் அவள்தான்.

ஏப்ரலில் அவளுடைய பம்பு காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது. தினம் லாரித் தண்ணீர். ஜூனில், லோரெய்ன் பதினேழாம் நம்பரை அளந்துகொண்டிருந்தபோது வேலிக்கு வந்தாள்.

“நெஜமாவே ஏறுதாடி? பலகையில போட்டிருக்கானே. என் தொட்டியில ஏறலையே.”

லோரெய்ன் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மாடுங்கள வெச்சுக்கவா, வித்துரவா? அத மட்டும் சொல்லு. அக்டோபர் வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பாக்கலாம். ஆனா அதுக்குள்ள இளைச்சுப்போனா கன்னு நிக்காது. உனக்குத் தெரிஞ்சா சொல்லு.”

“நான் அளக்குறவ, க்ளெனிஸ். கணக்குப் போடுறது அவங்க.”

“அளக்குறவளுக்குத் தெரியாதா?”

“எனக்குக் கெடைக்கிறது ஒரு நம்பர்தான்,” என்றாள் லோரெய்ன்.

ஜூலையில் க்ளெனிஸ் விற்றாள். மூன்று இரண்டடுக்கு லாரிகள். லோரெய்ன் காலையிலேயே போய்ப் பட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பசுக்கள் சரிவில் ஏறத் தயங்கின. க்ளெனிஸ் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் தட்டி, எண்ணைச் சொல்லி அனுப்பினாள். கடைசி லாரி கிளம்பியபோது லோரெய்ன் வாயைத் திறந்தாள். டீ வேணுமா என்று கேட்டாள்.

அக்டோபர் வந்தது. ஹாலில் அறுபது பேர். ஃபென்டனுக்குத் தலை நரைத்திருந்தது. பேச்சு இன்னும் இதமாகிவிட்டிருந்தது. கோட்டைத் திரையில் போட்டு, அது எங்கே திரும்புகிறது என்று கம்பால் தொட்டுக் காட்டினான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தையும் காட்டினான். ஏதாவது கேள்வி இருக்கிறதா என்றான்.

லோரெய்ன் எழுந்தாள். கம்பெனிச் சட்டை போடவில்லை; நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும்.

“பதினேழாம் நம்பர். ஒசரம் எந்த இடத்துக்கு எடுத்தது?”

“குழாயோட மேல்விளிம்புக்கு.”

“எந்தக் கொழா?”

ஃபென்டன் சிரித்தான். தாளைப் புரட்டினான். இன்னொரு தாளைப் புரட்டினான். சிரிப்பு முகத்திலேயே சிறிது நேரம் நின்று, பிறகு போனது.

அவள் முன்னால் நடந்து சென்று ஒன்பது மாதத் தாள்களை அதிகாரியின் மேஜையில் வைத்தாள். கடைசிக் கட்டத்தைப் படியுங்கள் என்றாள். அதிகாரி ஒன்றைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். கணக்குப் பொறியில் ஏதோ தட்டிவிட்டு, பதினேழாம் நம்பர் இரண்டு மீட்டரைத் தாண்டிவிட்டது என்றார்.

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதை லோரெய்ன் பதினோரு வருடமாக வைத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், “தண்ணிய யாரு ஊத்துனது டாக்டரே, பக்கெட்டா?” என்றார். ஹால் வெடித்துச் சிரித்தது. அன்றைக்குச் சிரித்த அதே வாய்கள். அந்தக் கிழவரும் அன்று சிரித்தவர்தான். அவள் வாக்கியம் அவர் வாயில் போய்விட்டது.

மிச்சம் இருந்தது அந்தப் பிரதி. அதை ஃபென்டன் முன் வைத்தாள். அவன் தன் கையெழுத்தைப் படித்தான். பளபளக்கும் குழாயைப் பார்த்தான். படத்தின் ஓரத்தில் தன் பூட்ஸின் நுனியைப் பார்த்தான்.

“நீங்க மிஸ்டர் டெய்ட்டோட...”

“பொண்டாட்டி.”

அவன் முகம் போன போக்கை அவள் கண் இமைக்காமல் பார்த்தாள். அவசரப்படாமல், இரண்டாவது முறை அளப்பது போலப் பார்த்தாள்.

அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அவன் கையெழுத்து இனிச் செல்லாது என்று அரசுத் துறை எழுதியது. நிறுவனத்தின் கண்ணாடிக் கதவில் இருந்த அவன் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். அதன் பிறகு ஃபென்டன் மரூன்பாவுக்கு வரவில்லை. அந்த மாதம் முழுவதும் லோரெய்ன் நன்றாகத் தூங்கினாள். க்ளெனிஸ் உட்பட ஏழு பேருக்குப் புதிய போர் என்று உத்தரவானது. அதுமுதல் அளவையாளர்கள் நேரடியாகத் துறைக்கே வேலை செய்தார்கள்.

துறை எல்லாக் களத் தாள்களையும் இணைப்பாக அச்சிட்டு, மனுதாரர்களுக்கு ஆளுக்கொரு கட்டு அனுப்பியது.

க்ளெனிஸ் டிசம்பரில் ஒரு காலை வந்தாள். கட்டு கையில் இருந்தது. சமையலறை மேஜையில் விரித்து, ஒரு தாளின் மேல் விரலை வைத்தாள்.

“பிப்ரவரி பதினொண்ணு. இது உன் கையெழுத்து.”

“ஆமா.”

“ஜூன்ல நான் உன்னக் கேட்டேன்.”

“கேட்ட.”

“அப்பவே தெரியும்.”

“தெரியும்.”

“சொல்லியிருந்தா?”

“ரெண்டு வாரத்துல திருத்தியிருப்பாங்க. ஆகஸ்ட்ல உனக்குப் போர் வந்திருக்கும்.”

“என் மாடுங்க?”

“இருந்திருக்கும்.”

“அவன்?”

“அவனும் இருந்திருப்பான்,” என்றாள் லோரெய்ன்.

க்ளெனிஸ் தாளிலிருந்து விரலை எடுத்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் லோரெய்னுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“டெஸ் இதச் செஞ்சிருப்பானா?”

“மாட்டான். அதனாலதான் அவன் செத்தான்.”

க்ளெனிஸ் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, எடுத்துக்கொண்டு போனாள். கதவை அறையவில்லை.

புதிய போர் ஜனவரியில் வந்தது. நல்ல போர். தொட்டி நிரம்பி வழிந்தது. குடிக்க வந்தவை கங்காருக்கள். அந்த வம்சத்தை மறுபடி கட்ட க்ளெனிஸுக்கு இன்னொரு இருபத்தைந்து வருடம் வேண்டும். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு.

புதிய போரும் லோரெய்னின் பட்டியலில் சேர்ந்தது. முதல் செவ்வாய்க்கிழமை அவள் போனபோது க்ளெனிஸ் குழாயருகே நின்றிருந்தாள். கையில் புத்தம்புதிய நாடா. லோரெய்ன் அளந்தாள். முப்பத்தொரு மீட்டர் நாற்பத்தாறு. மறுபடி அளந்தாள். அதே எண். எழுதினாள். க்ளெனிஸ் அவளை ஒதுங்கச் சொல்லிக் கையை ஆட்டினாள். தன் நாடாவை இறக்கினாள். விளிம்பில் விரலை வைக்கத் தெரிந்திருந்தது. ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, நேரம், தன் எண், லோரெய்னின் எண், நான்கையும் எழுதி, நோட்டை மூடினாள்.

அடுத்த செவ்வாயும் நின்றிருந்தாள். அதற்கடுத்த செவ்வாயும். மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வாரம் லோரெய்ன் காய்ச்சலோடு வந்து, எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, க்ளெனிஸ் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன எழுதுகிறாய் என்று லோரெய்ன் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அந்த ஒரு போரில் மட்டும் நாடாவை இறக்குமுன் குழாயின் விளிம்பைத் துணியால் துடைக்கிறாள். மூன்று முறை அளக்கிறாள். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் போதும் என்று அவளுக்குத் தெரியும். க்ளெனிஸுக்கு அவசரமில்லை என்பதும் தெரியும்.